தக்காளி ரோட்டோரம் கிடக்கிறது, நாம் சூப் பவுடர் வாங்குகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த மழைக்கால சூப் குறிப்பைப் படித்தேன். காய்களை வேகவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து ஊற்றி, கடையில் விற்கும் சூப் க்யூப் ஒன்றைப் போட்டுக் கொதிக்க விடச் சொல்லியிருந்தார்கள். வடிகட்டிய காயை என்ன செய்வது என்று ஒரு வரி கூட இல்லை. ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் மார்க்கெட்டைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். முருங்கையும் தக்காளியும் சுற்று வட்டாரக் காட்டிலிருந்து வருகிறது, கேரட்டும் பீன்ஸும் மலையிலிருந்து இறங்குகிறது, இங்கிருந்துதான் கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. வரத்து அதிகமானால் தக்காளி விலை பறிகூலிக்கே கட்டாது, செடியிலேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ரோட்டோரம் கொட்டுவார்கள். அதே வாரத்தில் மளிகைக் கடையில் தக்காளி சூப் பாக்கெட்டும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் சேர்மானப் பட்டியலில் எடை அதிகமாக இருக்கும் பொருளைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டுகளில் மாவும் சர்க்கரையும் உப்பும் முன்னால் நிற்கும், காய்ந்த காய்கறி கடைசியில் வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பாக்கெட் சூப்பையும் க்யூபையும் நம்பினால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

ஹோட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கிளப்பத்தான் சூப் கொடுக்கிறார்கள், அங்கே வழவழவென்று இருந்தால் போதும். வீட்டில் அப்படி இல்லை. மழை நாளில் ராத்திரி பசியோடு வந்து உட்காருகிறவர்களுக்கு அதுவே வயிறு நிறைகிற சாப்பாடாக இருக்க வேண்டும். அதற்குக் கார்ன்ஃப்ளார் வேண்டாம், பாசிப்பருப்பு போதும்.

நான்கு பேருக்கு ஒரு பெரிய கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு உருளைக்கிழங்கு, இரண்டு கேரட், இவற்றைத் தண்ணீர் தாராளமாக விட்டு குக்கரில் மூன்று விசில். தக்காளியை இதோடு போடக் கூடாது, புளிப்பு சேர்ந்தால் பருப்பும் கிழங்கும் லேசில் வேகாது. இன்னொரு பக்கம் வாணலியில் கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு (கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மூன்றே போதும், மணம் தூக்கும்) நிறம் மாறும் வரை வதக்கி, நன்றாகப் பழுத்த தக்காளி நாலைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று இருக்கும், பச்சை வாடை அடிக்கும், அப்புறம் மெல்லச் சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, நிறம் கருஞ்சிவப்பாக இறங்கும். சூப்புக்கு ருசியே இதில்தான் இருக்கிறது, க்யூப் போடுகிற வேலையை இந்தத் தக்காளியும் பூண்டும் செய்துவிடும்.

குக்கரைத் திறந்ததும் இரண்டு கரண்டி எடுத்து மத்தால் மசித்து அதிலேயே திரும்ப ஊற்றி, தக்காளி வதக்கலையும் சேர்த்தால் தானாகவே கெட்டியாகும். மிக்ஸியில் எல்லாவற்றையும் அரைத்துவிட வேண்டாம், வாயில் காய் கடிபட வேண்டும். பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் இப்போது போட்டு ஏழெட்டு நிமிடம் கொதித்தால் போதும், முருங்கைக்கீரை என்றால் கடைசி மூன்று நிமிடம். மிளகும் சீரகமும் ஒரு ஸ்பூன் அப்போதே கொரகொரப்பாக இடித்துத் தூவி, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட்டு, எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும்.

காயை வடிகட்டிவிட்டால் நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வைட்டமின் சி போல தண்ணீரில் கரைகிற சத்து தண்ணீரிலேயே இறங்கும், கேரட்டில் இருக்கிற கரோட்டின் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். ஆக, தண்ணீரும் வேண்டும், காயும் வேண்டும், அந்த ஒரு ஸ்பூன் நெய்யும் வேண்டும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பலருக்குக் காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார்கள், அதில் பொட்டாசியம் இறங்கியிருக்கும், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. இதையும் சூப் குறிப்போடு போடுவது பத்திரிகையின் கடமை.

சமையல் பகுதியில் ப்ரோக்கோலியும் செலரியும் போட்ட படம் அழகாகத்தான் இருக்கிறது, எங்கள் தெருக் கடைகளில் அவை வருவதில்லை. அந்த வாரம் எது மலிவோ அதை வைத்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பூசணி குவிந்தால் பூசணி சூப், தக்காளி விழுந்தால் தக்காளி, முருங்கை மலிந்தால் முருங்கை. மார்க்கெட் விலைப் பட்டியலைத் தினமும் போடுகிறீர்கள், சமையல் குறிப்பு எழுதுகிறவரிடம் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை காட்டினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஒட்டன்சத்திரம்