ஓட்டை விழுந்த பக்கம்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஆவணி பிறந்தும் மழை இல்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

போன வாரம் உன் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாய். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் முதல் படியான அரும்பு நிலையிலேயே நிற்கிறான், கூட இருந்த பிள்ளைகள் மொட்டு, மலர் என்று போய்விட்டார்கள், எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை என்றாய். என் பேரன் முகிலன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். ஒன்பது நாளாகிறது. சரி, அந்தப் பையனைப் பற்றியே எழுதுகிறேன்.

ஏறவில்லை என்று சொல்லாதே. எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்.

முதலில் கண், காது. பின் பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது வராவிட்டால் கண்ணைச் சந்தேகப்படு. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வரும் பிள்ளைக்குச் சில வாரம் நன்றாகக் கேட்கும், சில வாரம் மந்தமாக இருக்கும். அந்த வாரங்களில் அவன் கவனிக்காதவன் என்று பெயர் வாங்குவான். இரண்டையும் டாக்டரிடம் காட்டாமல் வேறு எந்த முடிவுக்கும் வராதே.

அடுத்து, அவன் முன்பு பார்க்காத ஒரு பகுதியில் நூறு சொல்லை எண்ணிக் குறித்துக்கொண்டு, தனியாக உட்கார வைத்துப் படிக்கச் சொல். நடுவில் திருத்தாதே. தப்பும்போது என்ன வாசித்தான் என்பதை அப்படியே எழுதிக்கொள். ஐந்து தப்புக்குள் என்றால் அந்தப் பாடத்தைத் தானே படிப்பான். பத்து வரை என்றால் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் பாடம் இப்போதைக்கு அவனுக்கு இல்லை, எளியதை எடு. எத்தனை நிமிடம் பிடித்தது என்றும் குறித்துக்கொள். ஆங்கிலத்தைப் போல இல்லாமல் நம் எழுத்து பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பதால், திணறும் பிள்ளைகூட ஒருவழியாகச் சரியாக வாசித்துவிடும். வேகத்தில்தான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வரி முடிவதற்குள், வரி எங்கே தொடங்கியது என்பது மறந்துபோயிருக்கும். பொருள் புரியவில்லை என்று நாம் திட்டுவது அந்த நேரத்தில்தான்.

பிறகு தப்புகளை இனம் பிரி. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா? 'தேன்' என்பதைத் 'தான்' என்கிறானா? இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொக்கு' என்று எழுதச் சொன்னால் துணைக்காலை விட்டுக் 'கெக்கு' என்று எழுதுகிறானா? கு, சு, டு, து, மு என்று உகரம் ஒவ்வொரு மெய்யிலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கிறதே, அங்கே மாட்டுகிறானா? 247 எழுத்தும் தெரியவில்லை என்று எழுதிவைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. எகர ஒகர வரிசையும் உகர வரிசையும் என்று தெரிந்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கலாம்.

வேலை இவ்வளவுதான். தினமும் பதினைந்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் அல்ல. முதல் ஐந்து நிமிடம் புத்தகமே வேண்டாம், காது மட்டும். 'பகல்' சொல், 'ப'வை எடுத்துவிட்டுச் சொல். 'கடல்', 'க'வுக்குப் பதில் 'உ' வைத்துச் சொல். அடுத்து ஒரே ஒரு வரிசை, புதிதாக இரண்டே எழுத்து, மணலிலோ தவிட்டிலோ விரலால் எழுதிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த எழுத்துகள் வரும் நாலைந்து சொல்லும் ஒரு சின்ன வாக்கியமும். நூறு முறை எழுது என்று தண்டனை கொடுக்காதே. பத்தாவது முறைக்கு மேல் பிள்ளை எழுத்தை எழுதுவதில்லை, படத்தைப் பார்த்துப் படம் வரைகிறது. ஒலி எங்கேயும் சேர்வதில்லை, கைதான் வலிக்கிறது.

கேள்வி கேட்டுவிட்டுப் பொறு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்ததில், ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். "நோட்டை எடு, தேதி போடு, முப்பதாம் பக்கம் இரண்டாம் கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொல்லாதே. நினைவில் பிடிக்கும் அளவு குறைந்த பிள்ளை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழிக்கும். அதைக் கீழ்ப்படியாமை என்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல், அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்.

பி.எட்.டில் கண்ணால் கற்பவன், காதால் கற்பவன், கையால் கற்பவன் என்று உனக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடு. 2008இல் பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அந்த வகைகளுக்கு ஏற்ப நடத்தினால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு. ஏற்கெனவே என்ன தெரியும், எத்தனையை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடிகிறது, எழுத்தைக் கண்டதும் ஒலி எவ்வளவு சீக்கிரம் வருகிறது, இவற்றில் இருக்கிறது.

இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது என்பாய். உன்னால் முடியும். ஓசூரில் யாரையும் தெரியாமல் தனியாகப் போய் நின்றவள் நீ. உன் பிள்ளைகள் பாட்டுச் சொல்லும் வீடியோவை அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டாள். ஆனால் ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்கும் பதினைந்து நிமிடத்தை வீட்டிலும் கொடு.

மே லீவில் முகிலன் நோட்டைப் பார்த்தேன். இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுதினான். கையை எடுத்தபோது 'கொக்கு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. அழித்து அழித்துத் தாள் கிழிந்து, அடுத்த பக்கத்துக் கோடு தெரிந்தது. அதே பிள்ளைதான் கிணற்றடியில் நின்று, ஃபுட்வால்வு கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காது, அதனால்தான் மோட்டார் ஏர் பிடிக்கிறது என்று எனக்குச் சொன்னான். அவன் டைரியில் சிவப்பு மையில் 'கேர்லெஸ்' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. எண்ணினேன். நீ ஒரு ஆசிரியை, அதற்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய்.

ஆங்கிலத்தில் மட்டும் திணறினால் பழக்கம் போதவில்லை என்றும் இருக்கலாம். தமிழிலும் அப்படியே என்றால் விடக்கூடாது. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லுக்குப் பயப்படாதே. அது எழுத்தையும் ஒலியையும் சேர்த்து வாசிப்பதில் வரும் சிரமம், அறிவுக் குறைவு அல்ல, கண் கோளாறும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டத்திலேயே கற்றல் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். ஐப்பசியில் அவனுக்கு எட்டு முடிகிறது, சோதனைக்குச் சரியான வயது. உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரை உனக்குத் தெரியும், உன் வகுப்புப் பையனுக்காகக் கேட்பதோடு இவனுக்கும் கேள். 1905இல் பாரிசில் பினே என்ற உளவியலாளர் முதல் அறிவுத்திறன் சோதனையை உண்டாக்கியதே எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். முத்திரை குத்த அல்ல.

இது குடும்பத்தில் வருவது, செல்வி. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தேட வேண்டாம். உன் அண்ணனை நினைத்துப் பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று நீ கதவோரம் நின்றாய், உனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த நான் அவனைத் தினமும் மக்கு என்றேன். நூறு முறை எழுத வைத்தது நான்தான். அவனும் நோட்டைக் கையால் மறைத்துத்தான் எழுதினான், அதைத் திருட்டுத்தனம் என்று நினைத்து அடித்தேன். இன்றைக்கும் பேங்க் பாரத்தை மருமகளிடம்தான் நீட்டுகிறான். நான் இருக்கும்போது அதைப் பையில் வைத்துக்கொள்கிறான். நாற்பது வயதுப் பிள்ளையிடம் போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முகிலனைத் திட்டாதே. நூறு முறை எழுத வைக்காதே, அவன் பள்ளிக்கூடத்தில் வைத்தாலும் போய்ப் பேசு.

என்றைக்குச் சோதனைக்குப் போகிறீர்கள் என்று எழுது. காலை நேரமாகக் கேட்டு வாங்கு, சாயங்காலம் என்றால் பிள்ளை களைத்திருப்பான். போன வருட நோட்டையும் இந்த வருட நோட்டையும் எடுத்துப்போ. அசிங்கமாக இருக்கிறது என்று அந்த ஓட்டை விழுந்த பக்கத்தைக் கிழித்துவிடாதே. அவர்கள் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
அப்பா