தளம் மாறும் இரவில் வேறு எதையும் தொடாதே

திருச்சி

அன்புள்ள சேதுவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; மருந்தை மாற்றினால் மருத்துவரைத் திட்டுகிறாள், மாற்றாவிட்டால் என்னைத் திட்டுகிறாள். உன் மகள் பேறுகாலத்துக்கு வந்திருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன். இத்தனை நாள் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. விடுதி மெஸ் கணக்கைப் போலன்றி இந்தக் கணக்காவது நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

நேற்று பாலு அழைத்தான். உன் கால்நடை மருத்துவத் தளத்தைப் பொங்கல் விடுமுறையில் பழைய எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அதாவது இணைப்பைக் குறியாக்கிப் பாதுகாக்கும் நெறிமுறைக்கு, மாற்றப்போகிறாயாம். அத்தோடு தளத்தைத் தன் கணினிகளில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தையும் மாற்றி, பக்க வடிவமைப்பைப் புதிதாக்கி, நீளமான பக்க முகவரிகளையெல்லாம் சுருக்கி, பழைய கட்டுரைகளில் பாதியைக் கழித்துக்கட்டப் போவதாகவும், இவ்வளவையும் மாப்பிள்ளை ஒரே இரவில் முடித்துத் தர ஒப்புக்கொண்டிருப்பதாகவும் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன்.

மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நாள் நீ மாற்றாமல் இருந்ததே அதிசயம். பாதுகாப்பான இணைப்பைத் தரவரிசைக்கான குறிப்புகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்வதாகக் கூகுள் அறிவித்தது 2014 ஆகஸ்டில். அது மிக மெல்லிய குறிப்பு என்றும், உலகத் தேடல்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றையே தொடுகிறது என்றும் அப்போதே அவர்கள் சொல்லியிருந்தார்கள். எனவே 'எச்டிடிபிஎஸ் போட்டால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்' என்று உன்னைத் தொலைபேசியில் துரத்தும் அந்த ஆசாமிகளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே. மாறுவதற்கு உண்மையான காரணம் வேறு. 2018 ஜூலையில் வெளிவந்த குரோம் உலாவியின் 68ஆம் பதிப்பு முதல், பழைய முறையில் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரிப் பட்டையில் 'பாதுகாப்பற்றது' என்ற முத்திரை விழுகிறது. பசுவுக்கு மடிநோய் கண்டு, நள்ளிரவில் கைபேசியில் தேடி உன் பக்கத்துக்கு வருகிற ஒருவர், அந்த முத்திரையைப் பார்த்த பிறகு நீ எழுதியிருக்கும் மருந்தளவை நம்புவாரா? தவிர, குறியாக்கம் இல்லாத பக்கத்தில் இடைவழியில் இருக்கும் எவரும் விளம்பரத்தைச் செருகலாம், எழுத்தையே மாற்றலாம். மருந்தளவு எழுதும் தளத்தில் அது விளையாட்டு அல்ல.

இனி என் கவலைக்கு வருகிறேன். உன் கண்ணுக்கு இது ஓர் எழுத்து கூடுவது மட்டுமே. தேடுபொறிக்கோ உன் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த நொடியில் புதிய முகவரி பெற்ற புதிய பக்கம் ஆகிவிடுகிறது. பழைய முகவரி இத்தனை ஆண்டுகளில் சேர்த்துவைத்த மதிப்பு முழுவதும் புதிய முகவரிக்குச் சேர வேண்டுமானால், பழையது ஒவ்வொன்றும் தனக்கு நேரான புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட வேண்டும். மாப்பிள்ளைக்கு 301 என்ற எண்ணைச் சொன்னால் புரியும். தற்காலிகத் திருப்பலான 302 வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல். முற்காலத்தில் இப்படித் திருப்பும்போது மதிப்பில் ஒரு பங்கு கசிந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அந்தக் கசிவு இப்போது இல்லை என்று கூகுள் தரப்பிலேயே 2016இல் சொல்லிவிட்டார்கள். ஆக, நேர்மையாகச் செய்த மாற்றத்தால் வருகை செத்துவிடாது. சில வாரங்கள் ஏறி இறங்கும், பிறகு அடங்கும்.

அந்தச் சில வாரங்களைத்தான் நான் உனக்காகப் பாதுகாக்க நினைக்கிறேன். வருகை இறங்கும்போது ஏன் இறங்குகிறது என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். நெறிமுறையை மட்டும் மாற்றியிருந்தால், இறக்கத்துக்குக் காரணம் திருப்பலில் இருக்கலாம், இந்தத் தளம் உன்னுடையதுதான் என்று உலாவிக்குச் சான்று சொல்லும் சான்றிதழில் இருக்கலாம், அல்லது கூகுள் தன் போக்கில் மீண்டும் உலவிவர எடுத்துக்கொள்ளும் காலமாக இருக்கலாம்; ஒரு மாலையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். அதே இரவில் ஹோஸ்டிங்கும் வடிவமைப்பும் முகவரிகளும் மாறி, கட்டுரைகளிலும் பாதி மறைந்திருந்தால், எது எதைக் கெடுத்தது என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் ஐந்து மருந்தைக் கொடுத்துவிட்டு மாட்டுக்கு எது ஒவ்வவில்லை என்று கேட்பவரை உன் அப்பா எப்படிப் பார்ப்பார் என்பது உனக்கு நினைவிருக்கும். முதலில் எச்டிடிபிஎஸ். அது அடங்கி, எண்கள் பழைய நிலைக்கு வந்தபின் மற்றவை, ஒவ்வொன்றாக.

பெரிய தளங்களே எவ்வளவு நிதானமாக நடந்தன என்று பார். 2016இல் வயர்டு என்ற தொழில்நுட்ப இதழ் முழுத் தளத்தையும் ஒரே மூச்சில் மாற்றவில்லை; தன் பாதுகாப்புச் செய்திப் பிரிவை மட்டும் முதலில் மாற்றிப் பார்த்தது. பழைய பக்கங்களுக்குள் கிடந்த பாதுகாப்பற்ற கோப்புகளும், தேடலில் தெரிந்த எதிர்பாராத மாற்றங்களும் கவலை தரவே, மீதியைத் தள்ளிப்போட்டதாக வெளிப்படையாகவே எழுதினார்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2013இல் எடுத்த வேலையை 2017 மே மாதத்தில்தான் முடித்தது. உன்னுடையது சிறிய தளம். பிரிவு பிரிவாகப் போகத் தேவையில்லை. முழுவதையும் ஒருசேர மாற்றுவதே நல்லது. ஆனால் கூட்டம் குறைந்த வாரத்தில் மாற்று. மாட்டுப் பொங்கலை ஒட்டித்தான் உன் தளத்தில் ஆண்டின் பெருங்கூட்டம் என்று நீயே பலமுறை பெருமையடித்திருக்கிறாய். அந்த வாரத்தையா தேர்ந்தெடுப்பாய்?

தொடங்குமுன் ஒரு பட்டியல் வேண்டும். தளத்தில் இருக்கும் எல்லா முகவரிகளும் அதில் இருக்க வேண்டும்: கட்டுரைகள் மட்டுமல்ல, படங்கள், தடுப்பூசி அட்டவணை பிடிஎஃப், வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் பழைய பக்கங்கள் எல்லாம். தேடலில் உன் தளம் எப்படித் தெரிகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலிலிருந்தும், வருகைகளைக் குறித்துவைக்கும் சர்வர் பதிவுகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் பெரும்பாலும் முழுமையாகிவிடும். மாற்றம் முடிந்த இரவே அந்தப் பட்டியலைக் கொண்டு ஒவ்வொரு பழைய முகவரியையும் தட்டிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று படுத்துவிட்டார். கோமாரி பற்றிய பக்கத்தைத் தேடி வருகிறவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், அந்தப் பக்கம் இல்லாமல் போய்விட்டது என்றுதான் தேடுபொறி கணக்கில் கொள்ளும்.

திருப்பல் ஒரே தாவலாக இருக்கட்டும். எச்டிடிபியிலிருந்து மூன்று டபிள்யூ உள்ள எச்டிடிபிக்கும், அங்கிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கும், பிறகு கடைசிச் சாய்கோட்டுக்காக இன்னொரு முறையும் தாவவிடுகிற சங்கிலிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தாவலும் கிராமத்துக் கைபேசியில் காத்திருப்பு.

பக்கத்துக்குள்ளே கிடக்கும் பழைய முகவரிகள் அடுத்த தொல்லை. எது மூல முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் குறிப்பு இன்னமும் எச்டிடிபி என்றே சொல்லிக்கொண்டிருந்தால், திருப்பல் ஒன்று சொல்ல, பக்கம் வேறொன்று சொல்லும். தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பிலும் உள் இணைப்புகளிலும் புதிய முகவரியே இருக்க வேண்டும். உன் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் டேட்டாபேஸில் நேரடியாகத் தேடி மாற்றப் புகுந்தால், எழுத்து நீளத்தோடு சேர்த்துப் பதிந்துவைத்த அமைப்புத் தகவல்கள் உடைந்துபோகும். அதற்கென்றே இருக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கட்டளையைப் பயன்படுத்தச் சொல். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாளமாக இருக்கும் ஜியுஐடி என்ற நெடுவரிசையை மட்டும் தொடக் கூடாது. பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பற்ற ஸ்கிரிப்ட் இருந்தால் உலாவி அதை ஓடவிடாமல் தடுத்துவிடும். உன் தேதிக் கணிப்பான், சினை பிடித்த நாளிலிருந்து கன்று ஈனும் நாளைக் காட்டுகிறதே, அது இப்படித்தான் ஒருநாள் வாய்மூடிப் போகும்; உனக்குத் தெரியவே தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஒரு சிறு வரிக்கு. பரிசோதனைத் தளத்தைத் தேடுபொறி பார்த்துவிடக் கூடாது என்று மாப்பிள்ளை நோஇன்டெக்ஸ் குறிப்பு வைத்திருப்பார். அவசரத்தில் அதை எடுக்காமலேயே தளத்தை மாற்றிவிட்டால், உன் பக்கங்கள் தேடலிலிருந்து ஒவ்வொன்றாக மறையும். எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் கவனம் வேண்டும்: பழைய எச்டிடிபி முகவரிகளை அதில் தடுத்துவிட்டால், கூகுள் அங்கே போகவே போகாது, திருப்பலைப் பார்க்கவும் பார்க்காது.

சர்ச் கன்சோலில் எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் தனித்தனிக் கணக்கு. 2019இல் வந்த டொமைன் வகைப் பதிவை வைத்துக்கொண்டால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். பழைய கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, வருகை பூஜ்யம் ஆகிவிட்டது என்று எனக்கு நடுராத்திரியில் போன் போடாதே. 'முகவரி மாற்றம்' என்ற கருவி ஒன்று அங்கே இருக்கும். அது டொமைன் பெயரை மாற்றுவோருக்கானது, உனக்கு வேண்டியதில்லை. உனக்கு ஒரு லாபமும் உண்டு. பாதுகாப்பான தளத்திலிருந்து எச்டிடிபி தளத்துக்கு வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்பதை உலாவி சொல்லாமல் மறைத்துவிடும். அதனால்தான் உன் கணக்கில் 'நேரடி வருகை' அவ்வளவு ஊதிக் கிடந்தது. இனி அவர்கள் எந்தத் தளத்திலிருந்து வருகிறார்கள் என்று பெரும்பாலும் தெரியும்.

சான்றிதழுக்குக் காசு செலவழிக்காதே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. அதன் வழக்கமான ஆயுள் 90 நாள் மட்டுமே என்பதால் புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களின் ஆயுளும் படிப்படியாகக் குறைந்து, 2029இல் 47 நாளாகிவிடும். ஆகவே நினைவில் வைத்துக் கையால் புதுப்பிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். எச்எஸ்டிஎஸ் என்ற கட்டளையை, அதாவது இந்தத் தளத்துக்கு இனிப் பாதுகாப்பான வழியில் மட்டுமே வா என்று உலாவிக்கு உத்தரவிடும் தலைப்பை, முதல் வாரத்திலேயே ஓராண்டுக்குப் போட்டுவிட வேண்டாம். அதைப் போட்டபின் சான்றிதழ் காலாவதியானால், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வரவும் வாசகருக்கு வழியிருக்காது. சில நிமிடங்களில் தொடங்கி, நம்பிக்கை வந்தபின் கூட்டிக்கொண்டே போகலாம்.

சேது, ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. கழித்துக்கட்டப் போவதாகச் சொன்ன அந்தப் பாதிக் கட்டுரைகள் பெரும்பாலும் உன் அப்பாவின் குறிப்பேட்டிலிருந்து நீ தட்டச்சு செய்தவை. அழகாக இல்லைதான், படங்களும் மங்கல்தான். ஆனால் வயிறு உப்பிய மாட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறவர் தட்டுகிற சொற்கள் அப்பா எழுதிய அந்தப் பேச்சு வழக்குச் சொற்கள்தாமே தவிர, நீ பின்னால் எழுதிய பாடநூல் சொற்கள் அல்ல. தேடல் வழியாக உன்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த வாசலால்தான் வருகிறார்கள் என்பதை உன் சர்ச் கன்சோலே காட்டும். நீக்குவதாக இருந்தாலும், பார்த்துவிட்டு நீக்கு.

பொங்கல் கழிந்து, மாசியில் ஒரு செவ்வாய் இரவு வைத்துக்கொள்வோம். நானும் விழித்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் என்னை நேரடியாகப் பேசச் சொல். அவர் கெட்டிக்காரர், வேகம்தான் கொஞ்சம் அதிகம். முகவரிப் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு. ஹோஸ்டிங் கடவுச்சொல்லை மட்டும் வழக்கம்போல் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதே.

அன்புடன்,
ராகவன்