சல்லடை பிடித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பன்னாட்டு வணிக ஆய்வுகள் இதுவரை கண்டது என்ன, இனி எங்கே போக வேண்டும் என்பது பற்றிய எங்கள் மீளாய்வு, அதாவது இதுவரை வந்த கட்டுரைகளைத் தேடிச் சலித்து மதிப்பிடும் கட்டுரை, அச்சுக்குப் போய்விட்டது. நன்றி சொல்ல ஆய்விதழ் தரும் இடம் இரண்டே வரி. அதற்குள் உங்களை அடக்க முடியாது. யார் எந்தப் பிழையைத் தடுத்தார்கள் என்று விவரமாக எழுதிவைத்தால், இதே வேலையில் இறங்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி நூலகருக்கு. 'இன்டர்நேஷனல் பிசினஸ்' என்ற சொல்லை மட்டும் வைத்து ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடினால் இத்துறையின் பெரும்பகுதி வலையில் விழாது. பல நாடுகளில் இயங்கும் ஒரே நிறுவன வகையைச் சிலர் மல்டிநேஷனல் என்டர்பிரைஸ் என்பார்கள், சிலர் மல்டிநேஷனல் கார்ப்பரேஷன் என்பார்கள், ஐ.நா.வின் பல ஆவணங்களில் அதுவே டிரான்ஸ்நேஷனல் கார்ப்பரேஷன். இன்டர்நேஷனலைசேஷன் என்ற சொல்லை பிரிட்டிஷார் 'எஸ்' போட்டும் அமெரிக்கர் 'இசட்' போட்டும் எழுதுவார்கள். அந்த எழுத்தின் இடத்தில் கேள்விக்குறி இட்டால் இரண்டும் கிடைக்கும். வலையை விரித்தால் வேண்டாததும் சேர்ந்தே வரும். அந்நிய நேரடி முதலீட்டுக்காக எஃப்.டி.ஐ. என்று தேடினால் பல் மருத்துவக் கட்டுரைகளும் வந்து நிற்கும், ஏனென்றால் பற்களுக்கு எண்ணிடும் முறை ஒன்றுக்கும் அதே பெயர். மல்டிநேஷனல் என்றாலோ பல நாடுகளில் நடந்த மருந்துச் சோதனைகள் வரும். துறைப் பிரிவை 'வணிகம்' என்று குறுக்கிவிட்டால் இவை போய்விடும்தான்; கூடவே புவியியல், சமூகவியல் இதழ்களில் வந்த நல்ல கட்டுரைகளும் போய்விடும். பல் தொடர்பான சொற்களை மட்டும் விலக்கச் சொன்னது நூலகர்தான்.

அவர் சொல்லித்தந்த இன்னொன்று, சோதனைத் தொகுப்பு. கட்டாயம் சிக்க வேண்டிய பத்துப் பதினைந்து கட்டுரைகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்: நிறுவனங்கள் படிப்படியாக வெளிநாடு போவதை விளக்கி யோஹான்சனும் வால்னேயும் எழுதிய 1977ஆம் ஆண்டு உப்சாலா கட்டுரை, இரு நாட்டுப் பண்பாடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற 'பண்பாட்டுத் தொலைவை' அளந்த கோகட்–சிங் 1988, அந்நிய மண்ணில் நிறுவனம் படும் பாதகம் பற்றிய ஜாஹீர் 1995 இப்படி. தேடல் வாசகத்தில் இவை சிக்காவிட்டால் வாசகத்தில்தான் ஓட்டை. வெப் ஆஃப் சயின்ஸில் 1991க்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கவுரை கிடையாது. தலைப்பில் சொல் இல்லையென்றால் எழுபதுகளின் கட்டுரை கண்ணிலேயே படாது. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹைமர் 1960இல் எம்.ஐ.டி.யில் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடும், பன்னாட்டு நிறுவனம் பற்றிப் பக்லியும் காஸனும் 1976இல் எழுதிய நூலும் கட்டுரைத் தேடலில் வரவே வராது. பிற கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களைப் பின்தொடர்ந்துதான் அவற்றைச் சேர்க்க வேண்டும்.

இரட்டைப் பதிவுகளை நீக்கித் தந்த தம்பிக்கு நன்றி. முதலில் ஒப்பிட வேண்டியது டி.ஓ.ஐ. எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள நிரந்தர அடையாள எண்), அது இல்லாதவற்றுக்கு நிறுத்தற்குறிகளை எடுத்துவிட்ட தலைப்பும் ஆண்டும். ஆண்டில் ஒன்று முன்னே பின்னே இருக்க இடம் தர வேண்டும். இணையத்தில் ஓராண்டிலும் அச்சில் அடுத்த ஆண்டிலும் வந்த கட்டுரை, அதைச் செய்யாவிட்டால் இரண்டாக எண்ணப்படும்.

கோடிங் செய்த, அதாவது எந்தக் கட்டுரையைச் சேர்ப்பது, எதை விடுவது என்று விதிப்படி பிரித்த இருவருக்கும், அவர்களைத் திரும்ப உட்காரவைத்த புள்ளியியல் ஆசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறோம். நூறு சுருக்கவுரைகளை இருவர் தனித்தனியே படிக்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் 'வேண்டும்' என்றது 20, இருவரும் 'வேண்டாம்' என்றது 65. முதலாமவர் மட்டும் வேண்டும் என்றது 10, இரண்டாமவர் மட்டும் 5. நூற்றுக்கு 85 ஒத்துப்போவதைப் பார்த்தால் மனம் குளிரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தாலே, அவரவர் விகிதப்படி 60 ஒத்துப்போயிருக்கும். தற்செயலான அந்த 60ஐக் கழித்து, மிச்சம் 40இல் 25தான் ஒத்துப்போனது என்று கணக்கிடும் கோஹன் கப்பா அளவு (முழு ஒற்றுமை என்றால் 1) 0.625தான். இந்த எண்ணோடு முழுக் கட்டுரைகளுக்குத் தாவக் கூடாது. முரண்பட்ட 15ஐயும் எடுத்துவைத்துக்கொண்டு விதி எங்கே குழப்புகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குழப்பம் ஒரே இடத்தில்தான்: ஏற்றுமதி மட்டும் செய்யும் சிறு நிறுவனம் பற்றிய கட்டுரையைச் சேர்ப்பதா, விடுவதா? விதியைத் திருத்தியபின் புதிய நூறில் சோதிக்க வேண்டும். பழைய நூறிலேயே சோதித்தால் எண் உயரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது.

முதலீட்டுப் புள்ளிவிவரங்களில் ஊறிய பொருளியலாளருக்குத் தனி நன்றி, ஏனென்றால் அவர் கைவைத்தது, ஒவ்வொரு கட்டுரையின் விவரத்தையும் பதிந்த எங்கள் அட்டவணையின் அடித்தளத்தில். இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் மொரிஷியஸ் பல்லாண்டு முன்வரிசையில் நின்றது. 1983இல் நடைமுறைக்கு வந்த வரி ஒப்பந்தம் அதற்கு முக்கியக் காரணம். 2016இல் அது திருத்தப்பட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதிக்கு மொரிஷியஸ் வழிப்பாதை மட்டுமே. தாயக நாடு என்ற கட்டத்தில் மொரிஷியஸ் என்று எழுதி, அங்கிருந்து இந்தியாவுக்குப் பண்பாட்டுத் தொலைவு கணக்கிட்டால், யாருடைய பண்பாட்டை அளக்கிறோம்? நெதர்லாந்து, லக்சம்பர்க் வழியாகப் போகும் முதலீட்டுக்கும் இதே சிக்கல். எனவே அட்டவணையில் இரண்டு நெடுவரிசை வைத்தோம்: பணம் நேரடியாக வந்த நாடு, இறுதி முதலீட்டாளரின் நாடு. இரண்டாவதைச் சொல்லாத கட்டுரைகளை அப்படியே 'சொல்லவில்லை' என்று குறித்தோம், ஊகிக்கவில்லை.

பண்பாட்டுத் தொலைவு பற்றி அவரே சொன்ன இன்னொன்றும் உண்டு. கோகட்–சிங் குறியீடு, நாடுகளின் பண்பாட்டை அளக்க ஹாஃப்ஸ்டெட் வகுத்த நான்கு பரிமாணங்களிலும் இரு நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, அந்தந்தப் பரிமாணத்தின் மாறுபாட்டால் வகுத்துச் சராசரி எடுப்பது. மூலத் தரவு 1967–73இல் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்தது. இந்தச் சூத்திரத்தில் சென்னையிலிருந்து சியோலுக்கும் சியோலிலிருந்து சென்னைக்கும் ஒரே தொலைவு. இரு திசைக்கும் சிரமம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற இந்தக் குறையை ஷென்கர் என்ற ஆய்வாளர் 2001லேயே சுட்டிவிட்டார்; குறியீட்டைப் பயன்படுத்துவது மட்டும் நிற்கவில்லை. வசதியான எண் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்! முதலீடு எந்தத் திசையில் போகிறது என்ற பதிவு எங்கள் அட்டவணையில் இடம்பெற்றது இதனால்தான்.

வரைபடங்களைப் போட்டுத்தந்த நண்பருக்கு: சேர்த்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை இணைக்கும் இணைமேற்கோள் வரைபடம் பழைய மரங்களையே காட்டும், புதுக் கட்டுரைகளுக்கு இன்னும் மேற்கோள் சேர்ந்திருக்காது, வருங்காலம் தெரிய வேண்டுமென்றால் மேற்கோள் பட்டியல்களின் ஒற்றுமையைப் பார்க்கும் பிணைப்பு வரைபடம் வேண்டும் என்றீர்கள். பதிவுகளை இறக்கும்போது மேற்கோள் பட்டியலையும் சேர்த்து இறக்காவிட்டால் இரண்டுமே போட முடியாது என்பதையும் முன்கூட்டியே எச்சரித்தீர்கள். நன்றி.

ஸ்பானிஷ், போர்த்துகீஸ், ஜப்பானியக் கட்டுரைகளைப் படித்துச் சொன்னவர்கள் இல்லாவிட்டால் 'உலகளாவிய' என்ற சொல்லை எங்கள் தலைப்பில் போட்டிருக்க முடியாது.

'வருங்கால ஆய்வு' பகுதியைப் படித்துப் பார்த்த திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களே, உங்கள் திருத்தம்தான் எங்களை அதிகம் மாற்றியது. 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின் விநியோகச் சங்கிலி பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவை வாங்கும் நிறுவனத்தின் மேசையிலிருந்து எழுதப்பட்டவை. நீங்கள் கேட்டதோ வேறு: ஒரே ஆலையை ஐந்து பையர்கள் (ஆடை வாங்கும் நிறுவனங்கள்) ஐந்து விதிமுறைகளோடு தணிக்கை செய்தால் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது, பீஸ் விலையில் அது ஏறுகிறதா? இக்கேள்விக்குத் தரவு நிறுவன அறிக்கைகளில் கிடைக்காது. ஆலைக் கணக்கில்தான் கிடைக்கும். எங்கள் பட்டியலில் இப்போது அதுதான் முதல் கேள்வி.

கடைசியாக, முதல் வடிவத்தை நிராகரித்த பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு. 'மேலும் ஆய்வு தேவை' என்று நாங்கள் எழுதிய ஒவ்வொரு இடத்திலும், என்ன தரவு, எதை அலகாகக் கொண்டு, எந்த முடிவு வந்தால் கருத்து பொய்க்கும் என்று கேட்டீர்கள். பதில் இல்லாதவற்றை நீக்கினோம். பட்டியல் பாதியாகச் சுருங்கியது. நாடுகளுக்குள் நுழைவதைப் பற்றியே எழுதும் துறை, வெளியேறுவதைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறது என்று காட்டியதும் நீங்கள்தான். 2022க்குப் பின் ரஷ்யாவை விட்டு வெளியேறிய நிறுவனங்களை ஆராய்பவர்கள் அறிவித்த நாள், விற்ற நாள், பெயர் மட்டும் மாறிய நாள் மூன்றையும் தனித்தனியே பதிய வேண்டும் என்ற குறிப்பு உங்களுடையது.

தேடல் வாசகம், கோடிங் விதிகள், காரணத்தோடு நீக்கப்பட்ட கட்டுரைகளின் பட்டியல் மூன்றையும் கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம். மூன்றாவதைத்தான் முதலில் பாருங்கள். தவறாக விலக்கிய கட்டுரை கண்ணில் பட்டால் எழுதுங்கள்.

நன்றியுடன்,
மீளாய்வுக் குழுவினர்