திண்ணை வைக்க மறந்துவிட்டோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடிக்காரியான நான் கட்டிடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஊர்ப்புற நூலகம் ஒன்றுக்கு வரைபடம் போடச் சொன்னார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவளாயிற்றே! முகப்பு, வளவு என்கிற முற்றம் சூழ்ந்த உள்கட்டு, ஆத்தங்குடித் தரைக்கல் என்று அப்படியே வரைந்து கொண்டுபோனேன். பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: "சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படிம்மா உள்ளே போவார்?"

வாசலில் 2 அடி உயரத்துக்குப் படிகள் போட்டிருந்தேன். 1 அடி ஏற 12 அடிச் சாய்தளம் வேண்டும். அப்படியென்றால் 24 அடி. நடுவில் நின்று திரும்ப இடம் வேறு. என் அழகான முகப்பு அதோடு போயிற்று. தரைமட்டத்தைத் தாழ்த்தி மறுபடி வரைந்ததில் மிஞ்சியவை திண்ணையும் முற்றமும்தான். சரி, அவைதானே முக்கியம்.

அப்புறம்தான் நம் பக்கத்து அரசு அலுவலகங்களைக் கவனித்தேன். மனு கொடுக்க வந்த ஓர் அப்பத்தா, வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வழிப்போக்கருக்கும் திண்ணை வைத்துக் கட்டிய ஊர் இது! புதிய அரசுக் கட்டிடங்களின் வரைபடத்தை, அஸ்திவாரம் தோண்டும் முன் ஊரார் பார்வைக்கு வைக்கலாமே? எங்களைக் கூப்பிட்டால் அளவுநாடா பிடிக்கவாவது வருவோம்.

– கட்டிடக்கலை மாணவி, காரைக்குடி