நர்சிங் குரூப்ப மார்க் இல்லாதவங்களுக்குன்னு ஒதுக்காதீங்க: நம்ம பக்கத்து ஹெச்எம்களுக்கு ஒரு திறந்த மடல்

கோபி, பவானி, காங்கேயம், தாராபுரம், பல்லடம்னு நம்ம கொங்கு பக்கத்து கவர்மெண்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல் ஹெச்எம் அய்யாக்களுக்கும் அம்மாக்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கற பெத்தவங்களுக்கும் வணக்கமுங்க.

நான் ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ படிச்சுட்டு வீடு வீடா போய் படுக்கையில இருக்கறவங்கள பாத்துக்கற வேலை பண்றேனுங்க. லெவன்த் அட்மிஷன் போடறதுக்குள்ள இத சொல்லிரலாம்னு தான் எழுதறேன். 1978ல பிளஸ் டூ வந்த காலத்துல இருந்தே தொழிற்பிரிவு இருக்குது, அதுல நர்சிங்கும் ஒரு குரூப்பு. ஆனா அது யாருக்கு கெடைக்குதுன்னு பாத்தீங்கன்னா, ஃபர்ஸ்ட் குரூப்புக்கு மார்க் பத்தல, காமர்சும் ஃபுல்லு, சரி அந்தப் புள்ளைய நர்சிங்ல போட்டுருங்கன்னு மிச்சம் மீதிய தள்ளி விடறாப்ல தான் நடக்குது. அப்புறம் அந்த டீச்சர் ரிட்டயர் ஆனா வேற ஆள் போட மாட்டாங்க, ரெண்டு வருசத்துல குரூப்பே காணாம போயிரும்.

இது மார்க் இல்லாதவங்க செய்யற வேலையான்னு நீங்களே சொல்லுங்க. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தோட்டத்து வீட்டுக்கு போயிருந்தேன், அந்த வீட்டு அப்பாருக்கு ஸ்ட்ரோக் வந்து எடது கை கால் வரல, பசங்க ரெண்டு பேரும் வெளியூரு. பாத்துக்க ஒரு அக்காவ வெச்சிருக்காங்க. பாசமான ஆளு தானுங்க, "அப்பா அப்பா"ன்னு தான் கூப்புடும், ஆனா காலைல இருந்து பொழுதெறங்கற வரைக்கும் அவர மல்லாக்கவே போட்டிருக்குது. திருப்பி பாத்தா இடுப்புக்கு கீழ எலும்பு முட்டற எடத்துல காசு அளவுக்கு செவப்பு, வெரல வெச்சு அமுக்கி எடுத்தா வெளுக்கவே இல்ல. படுக்கைப் புண்ணு ஆரம்பிக்கறது அப்படித்தான், அப்பவே விட்டுட்டா தோலு உடைஞ்சு குழி விழுந்துரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒருக்களிச்சு படுக்க வெச்சு முதுகுக்கு தலகாணி அண்டக் கொடுக்கணும், குதிங்கால் மெத்தைல படாம கெண்டைக் காலுக்கு அடியில ஒண்ணு வெக்கணும், மேல நகத்தறப்ப அக்குள்ல கைய விட்டு இழுக்கக் கூடாது, அடியில விரிச்ச துணியோட ரெண்டு பேரா தூக்கி தான் நகத்தணும். மூக்குல டியூப் போட்டிருந்தா தலப்பக்கம் நல்லா ஒசத்தி, டியூப் அதோட எடத்துல தான் இருக்குதான்னு பாத்துட்டு கஞ்சிய மெதுவா விட்டு, அப்புறமும் அரை மணி நேரமாச்சும் அப்படியே வெச்சிருக்கணும், இல்லீன்னா கஞ்சி மேல ஏறி நுரையீரலுக்கு போய் நிமோனியால கொண்டு போய் விட்டுரும். இதயெல்லாம் யாரும் அந்த அக்காவுக்கு சொல்லித் தரல, அது மேல என்ன தப்புங்க.

2011 சென்சஸ்லயே தமிழ்நாட்டுல நூத்துக்கு பத்து பேருக்கு மேல 60 வயசு தாண்டினவங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி பக்கம் ஆரம்பிச்சு இப்ப வீட்டுக்கே நர்சும் பிசியோவும் வர்றாங்க, நல்ல விஷயம் தான், ஆனா அவங்க பாத்துட்டு போன பின்னாடி மிச்ச நேரம் பூரா அப்பார திருப்பிப் போடறது யாரு? கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிகளும் வயசானவங்களுக்குன்னு கட்டற அபார்ட்மெண்டுகளும் கூடிட்டே போகுது, பழகின ஆளுக்கு தான் தட்டுப்பாடு. நம்ம புள்ளைக பிளஸ் டூ முடிச்ச கையோட பனியன் கம்பெனி வண்டில ஏறிருதுக.

இன்னொண்ணு, இது தான் எனக்கு ஆத்தமாட்டாத விஷயம். "ஒரே வருசத்துல நர்ஸ் ஆகலாம்"னு போஸ்டர பாத்து ஒரு புள்ள கடன வாங்கி ஃபீஸ் கட்டிப் படிச்சுது, எந்த எடம்னு சொல்ல வேண்டாம். அந்த சர்டிபிகேட்ட வெச்சு நர்சிங் கவுன்சில்ல பதிய முடியாதுன்னு வேலைக்கு போன எடத்துல தான் தெரிஞ்சுது. துணை நர்சுக்கான ஏஎன்எம் ரெண்டு வருசம், ஜிஎன்எம் மூணு வருசம், பிஎஸ்சி நர்சிங் நாலு வருசம், கவுன்சில் ஒத்துக்கிட்ட காலேஜ்ல இதுல ஒண்ணு படிச்சா தான் நர்சுன்னு பதிவு பண்ண முடியும். பிஎஸ்சிக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும், ஜிஎன்எம்முக்கு இங்கிலீசோட 40 சதவீதம் இருந்தா வேற குரூப்புன்னாலும் வழி இருக்குது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டண்ட், ஹோம் ஹெல்த் எய்ட்னு மாசக் கணக்குல முடியற கோர்சும் இருக்குது, அதுவும் மரியாதையான படிப்பு தானுங்க, திருப்பறது குளிப்பாட்டறது நடக்க வெக்கறது எல்லாம் ஒழுங்கா சொல்லித் தருவாங்க, ஆனா அத முடிச்சா நர்ஸ் கெடையாது, ஊசி போடக் கூடாது. இந்த வித்தியாசத்த பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு நோட்டீஸ் போர்டுல பெருசா எழுதி ஒட்டுங்க. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல மாசம் ஆயிரம் ரூபா வருதே, எந்த படிப்புக்கு வரும் எதுக்கு வராதுன்னும் விசாரிச்சு பக்கத்துலயே எழுதிருங்க.

பசங்களயும் விட்டுறாதீங்க. பொம்பள நர்சு வேட்டிய மாத்தறதுக்கு கூச்சப்பட்டுக்கிட்டு நாள் பூரா ஈரத்துலயே கெடக்கற பெரியவங்கள நான் பாத்திருக்கேன், ஆம்பள ஆள் இருந்தா அனுப்புங்கம்மான்னு வீட்டுக்கு வீடு கேக்கறாங்க, அனுப்பத்தான் ஆள் இல்ல. கிளாசுக்கு வந்து ஒரு கட்டில போட்டு செஞ்சு காட்டணும்னா கூப்புடுங்க, சனிக்கிழமைல வந்தர்றேன். பசங்கள முன்னாடி உக்கார வெச்சுருங்க.