மூன்றாம் அங்கத்தையும் நடத்த விடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வகுப்பில் நான் பாடமாக நடத்திவரும், நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தை இரண்டாம் அங்கத்தோடு நிறுத்தச் சொன்னீர்கள். அந்த உத்தரவை எழுத்தில் கேட்டேன், வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

இரண்டாம் அங்கம் முடியும்போது, நாயகி நோரா ரகசியமாக வாங்கிய கடனை அவள் புருஷனுக்குச் சொல்லும் மிரட்டல் கடிதம் தபால் பெட்டியிலேயே கிடக்கிறது. அவன் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னான் என்பதுதான் நாடகம். அதை மறைத்துவிட்டு எதை நடத்துவது?

கணவன் உயிரைக் காப்பாற்றக் கடன் வாங்குகிறாள் நோரா. ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29, பத்திரத்தில் தேதி அக்டோபர் 2. இதை நடத்தியபோது, குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். அம்மா பீடி சுற்றுகிறார். “எங்கம்மாவும் அப்பாவுக்குத் தெரியாமத்தான் குழுக் கடன் வாங்கியிருக்காங்க மேடம். நோரா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சப்புறம் என்ன ஆச்சு?” என்றாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். மறுநாள் உங்கள் உத்தரவு வந்தது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் அங்கத்தின் முடிவில் நோரா புருஷனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். இதைப் படித்தால் பெண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு பெற்றோர் சொன்னாராம். புதுப் பயம் இல்லை இது. நாடகம் வெளிவந்தது 1879இல். அடுத்த வருஷமே ஜெர்மனியில் ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று நடிக்க மறுத்தார். வேறு யாரும் கைவைப்பதற்கு முன் இப்சனே நோரா வீட்டில் தங்கிவிடும் முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் அவரே சொன்னார். நீங்கள் அந்த முடிவைக்கூட விட்டுவைக்கவில்லை.

மதுரையை எரித்த கண்ணகிக்கு ஆண்டு விழாவில் கைதட்டுகிறோம். கதவைச் சாத்திவிட்டுப் போனவள் மட்டும் ஆகாதா? நிச்சயம் ஆகிவிட்டது என்று நடுவருஷத்தில் டி.சி. கேட்டு வரும் அப்பாக்களை நாம் ஒரு கேள்வியாவது கேட்டதுண்டா? அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். படிப்பு கெட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

சரி, அது வேறு பேச்சு. பாடத்திட்டம் பல்கலைக்கழகம் போட்டது. நோரா ஏன் வெளியேறினாள் என்று தேர்வில் கேட்டால் பிள்ளைகள் கைடைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆகவே மூன்றாம் அங்கத்தை முழுசாக நடத்த அனுமதி தரும்படி மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெற்றோரும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். அனுமதி இல்லையென்றால், அதையாவது எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலத் துறை ஆசிரியை,
வேலூர்