அரை டம்ளர் டீ தந்தவருக்கு ஒரு பணியிடம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையில் போதை மீட்புப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். குடியை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் போகும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டங்களில், பொதுவில் எழுதும்போதும் பேசும்போதும் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். அதனால்தான் பெயர் போடவில்லை. மற்றபடி என் தெருவுக்கே தெரிந்த கதைதான்.

2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தீர்கள். செய்தியைப் படித்த அன்று எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். தனியார் மையத்தில் மாதம் இவ்வளவு என்று கட்ட முடியாத குடும்பங்கள் எத்தனை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மையங்களில், குடித்து மீண்ட ஒரு ஆளையும் வேலைக்குச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அந்த ஆள் எதற்கு என்று புரிய, முதலில் நான் வார்டில் படுத்திருந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அப்போதெல்லாம் காலையில் எழுந்தால் எனக்கு மைக்ரோமீட்டரைப் பிடிக்க முடியாது. முந்தின நாளே வாங்கி ஒளித்து வைத்த கட்டிங்கைப் போட்டால்தான் கை நிற்கும், கை நின்றால்தான் ஜாப் ஓட்ட முடியும். வேலைக்காகக் குடித்தேன் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். வீட்டில் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டினார்கள். இரண்டு முறை மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்தேன். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் நின்றேன். கடைசியில் வலிப்பு வந்து பட்டறையிலேயே விழுந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள். குடியை நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம் என்பது உங்களுக்கே தெரியும். சுவரில் எறும்பு வரிசையாகப் போவது எனக்கு மட்டும் தெரிகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. டாக்டர் நல்லவர், ஊசியும் பி1 வைட்டமினும் நேரத்துக்குப் போட வைத்தார், உயிர் பிழைத்ததே அவரால்தான். ஆனால் அவருக்கு அந்த வார்டு முழுக்கப் பார்க்க வேண்டும்.

அப்போது ஒருவர் ஃபிளாஸ்கோடு வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. டம்ளரில் பாதிக்கு மட்டும் டீயை ஊற்றி என் கையில் கொடுத்தார். நான் டம்ளரைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, “முழுசா ஊத்தினா சிந்தும் கண்ணு. எனக்கும் சிந்தியிருக்கு” என்றார். அதற்கு முன் பத்து வருஷமாக எனக்கு அறிவுரை சொன்னவர்கள் நூறு பேர் இருப்பார்கள். மாமனார், முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், ஜோசியர் வரைக்கும். அவர்களில் ஒருவருக்கும் டம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை.

அந்த டீயை நான் சிந்தாமல் குடித்தேன். அதற்கப்புறம்தான் அவர் சொன்னது காதில் ஏறியது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. ஏ.ஏ. தொடங்கியதே இப்படித்தான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில், பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் வியாபாரம் கைகூடாமல் ஹோட்டலில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்து பாரின் சத்தம் இழுக்கிறது. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்று தோன்றி, போன் மேல் போன் போட்டு ஆள் தேடுகிறார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். ஜூன் 10 அன்று ஒரு ஆபரேஷன் இருந்தது. கை நடுங்காமல் இருக்க பில்தான் ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். டாக்டர் பாப் குடித்த கடைசி மது அது. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ.யின் பிறந்த நாளாக வைத்திருக்கிறோம். மருத்துவம் முழுக்கப் படித்த டாக்டருக்கே, தன்னைப் போலக் குடித்த இன்னொரு ஆள் வந்து உட்கார வேண்டியிருந்தது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று அதில் இருக்கிறது. மீதி 37 பேரும் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டார்கள். “எனக்கென்ன பைத்தியமா?” என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேச டாக்டருக்கு எங்கே நேரம்? எங்களுக்கு அந்தத் திண்ணை தெரியும். எந்த நேரத்தில் போனால் ஆள் தெளிவாக இருப்பார், மனைவி முன்னால் எதைப் பேசக் கூடாது, “நாளையிலிருந்து விட்டுடறேன்” என்று சத்தியம் செய்யும்போது அதை எவ்வளவு நம்பலாம், இதெல்லாம் நாங்கள் இருந்து பார்த்தவை.

இன்னொரு இடம் டிஸ்சார்ஜ் ஆன பிறகு. உடம்பிலிருந்து விஷம் இறங்கச் சில நாள் போதும். அப்புறம் வருகிற மூன்று மாதம்தான் மலை ஏறுவது. எங்கள் ஊரில் பட்டறை, மில், கட்டட வேலை எல்லாவற்றுக்கும் சனிக்கிழமை சம்பளம். கையில் காசு, பக்கத்தில் கூட்டாளிகள், வழியில் கடை. அந்த சாயங்காலத்தைத் தாண்ட எனக்கு ஆறு மாதம் கண்டக்டர் அண்ணன்தான் துணை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பின்பக்கத் தெரு வழியாக வீட்டுக்குப் போகச் சொல்லிக் கொடுத்தார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடுக்கச் சொன்னார். காதுகுத்து, கிடா வெட்டு என்று பத்திரிகை வந்தால், போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பி வரச் சொன்னார். இரண்டாம் மாதம் நான் ஸ்லிப் ஆகி, அதாவது திரும்பக் குடித்துவிட்டு, வெட்கப்பட்டுப் போனை எடுக்காமல் இருந்தபோது வீட்டுக்கே வந்து, “சரி, இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறுபடி குடித்திருப்பேன்.

இனி நான் சொல்ல வருவது கொஞ்சம் கசப்பானது. வார்டுக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்னால் என்னை ஒரு தனியார் மையத்தில் அடைத்தார்கள். ராத்திரி வேனில் தூக்கிப் போட்டுக் கொண்டு போன இடம். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்ட வார்டனும் குடித்து மீண்டவர்தான். கையில் பிளாஸ்டிக் பைப் வைத்திருப்பார். அழுதால் அடி, வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அடி. தன்னை அடித்துத் திருத்தினார்கள், அதனால் அடித்தால்தான் திருந்துவான் என்று அவர் மனதார நம்பினார். அவருக்குச் சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது, சாப்பாடும் படுக்க ஒரு பெஞ்சும்தான். அவர்மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. ஆனால் ‘நானும் குடித்து மீண்டவன்’ என்பது மட்டும் ஒருவரை உதவி செய்யத் தகுதியானவராக ஆக்கிவிடாது என்பதை அந்தப் பைப்பிடம் கற்றுக்கொண்டேன். எங்களை வேலைக்கு எடுங்கள் என்று கேட்கும் நானே இதையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் நான் கேட்பது, பயிற்சியும் மேற்பார்வையும் சம்பளமும் உள்ள ஒரு பணியிடம். மத்திய அரசின் மானியத்தில் நடக்கும் மறுவாழ்வு மையங்களில் ‘பியர் எஜுகேட்டர்’ என்று, தானும் மீண்டு வந்து மற்றவர்களுக்கு வழிகாட்டுபவருக்கு ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதே சட்டம் மாநில மனநல ஆணையத்தில், மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்து மீண்டவர்கள் சார்பில் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்கிறது. ஆணையத்தின் மேஜையில் எங்களுக்கு நாற்காலி உண்டு என்றால், வார்டில் ஒரு ஸ்டூல் போடுவது பெரிய விஷயமா?

ஒரு மையத்துக்கு இரண்டு பேர் என்று வையுங்கள். 25 மையத்துக்கு 50 பேர். ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி. டாஸ்மாக் மூலம் 2023–24-இல் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். கடை திறந்திருப்பது பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. நான் பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடை திறந்து ஏழெட்டு நிமிஷத்தில் வரும் வருமானம், 50 பேரின் ஒரு வருஷச் சம்பளத்துக்குப் போதும்.

ஆள் எடுக்கும்போது தயவுசெய்து பட்டப்படிப்பு கேட்காதீர்கள். எங்களில் பாதிப்பேரின் படிப்பு பாட்டிலோடு போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு வருஷமாவது முழுசாகக் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும். எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால், முதலில் வலிப்பு. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரை “வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்து” என்று சொல்வது உயிருக்கு ஆபத்து என்பது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. குடியை நிறுத்துவதற்காகக் கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கும் மனைவிமாரைத் தடுக்கத் தெரிய வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கத் தெரிய வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லாமல் இருக்கவும், தன்னால் முடியாததை டாக்டரிடம் ஒப்படைக்கவும், கடன் கொடுக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். வாரம் ஒரு முறை மனநல டாக்டரோ சமூகப் பணியாளரோ எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்தவர் கதையைத் தினமும் கேட்டால் நம் பழைய காயமும் கிளறும்.

அப்புறம், வேலைக்கு எடுத்தவர் ஸ்லிப் ஆனால் துரத்திவிடாதீர்கள். நோயாளியைப் பார்க்கும் வேலையிலிருந்து உடனே விலக்குங்கள், சிகிச்சை கொடுங்கள், தேறியதும் திரும்பச் சேருங்கள். சர்க்கரை ஏறிவிட்டது என்று எந்த நர்ஸையும் வேலையை விட்டு அனுப்புவதில்லையே. துரத்துவார்கள் என்று பயந்தால் மறைப்பார்கள், மறைத்துக் கொண்டே வார்டுக்கு வருவார்கள். அதுதான் ஆபத்து.

இந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். குடிக்கும் பெண்கள் எங்கள் கூட்டத்துக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் இருபது ஆண்கள் நடுவில் என்ன பேசுவார்கள்? குடிகாரரோடு வாழ்ந்த மனைவியின் அனுபவமும் அனுபவம்தான். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தால் எத்தனை குடும்பம் பிழைத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி இன்றைக்கும் புதுசாக வருபவர்களின் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறாள். அவள் பேசியதால் நின்ற குடும்பங்கள், நான் பேசி நின்றவர்களைவிட அதிகம்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள் இப்போது வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான் உட்கார்ந்தால் தாத்தா வந்து பேசுகிற மாதிரிதான். அவர்களுடைய பாஷை எனக்குத் தெரியாது. அதிலிருந்து மீண்ட ஒரு இருபத்தைந்து வயதுப் பையனைத் தேடிப் பிடியுங்கள். இருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களிடமிருந்தே ஒரு ஆட்சேபம் வரும். ஏ.ஏ.யில் இன்னொருவருக்கு உதவுவதற்குக் காசு வாங்குவதில்லை. அது சரிதான், அப்படியே இருக்கட்டும். ஏ.ஏ. கூட்டத்தை அரசு நடத்த வேண்டாம், எங்களுக்குப் பணமும் வேண்டாம். நான் கேட்பது மருத்துவமனைக்குள் ஒரு தனி வேலை. ராத்திரி பத்து மணிக்குத் தாராபுரத்திலிருந்து ஒருவர் போன் செய்தால் நான் இலவசமாகத்தான் பேசுவேன். ஆனால் பகல் முழுக்க வார்டில் இருக்க வேண்டும் என்றால் ஒருவருக்கு அன்றைய கூலி வேண்டும். கண்டக்டர் அண்ணனுக்கு பென்ஷன் இருந்ததால் வந்தார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் யாரும் வேலை நாளில் போக முடிவதில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று பேச ஆள் வேண்டுமென்றால் லீவு போட்டுவிட்டு வருகிறேன், சனிக்கிழமை மட்டும் முடியாது. போன வாரம் டிஸ்சார்ஜ் ஆன ஒரு பையனுக்கு ஐந்தரை மணிக்குச் சம்பளம். ஐந்து மணிக்கே அவன் பட்டறை வாசலில் வண்டியோடு நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு லேத் தொழிலாளி